ஊசி பிந்திய வருடம்

அக்கா தன் கவுனின் கீழ்விளிம்பை மடித்துத் தைத்துக்கொண்டிருந்த ஒரு பிற்பகல் எனக்கு மறக்கவில்லை. கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டு முன்னறை, ஜன்னலோரக் கதிரை, மடியில் நீலப் பூப்போட்ட கவுன். முன்பக்கத்தை மட்டும் மூன்று விரல் அகலம் மடித்தாள், பின்பக்கத்தைத் தொடவில்லை. முதுகு வளைந்தால் உடுப்பு முன்னால் தரையைத் தொடும், பின்னால் ஏறிப்போகும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியவந்தது. எங்கள் கோயிலில் மாதா சுரூபத்துக்கு ஸ்டூல் இல்லாமல் மாலை போடக்கூடிய ஒரே பெண் என்று பெயர் எடுத்தவள் அவள். இப்போது என் தோளுக்கு வருகிறாள். விலா எலும்பு இடுப்பில் முட்டுகிறது. வயிறு தள்ளி நிற்கிறது. நாலு வாய் சோற்றுக்கு மேல் இறங்குவதில்லை. "கலியாணம் கட்டாதவளுக்கு வயிறு வந்திருக்கு, பாரடா" என்று பகிடி விட்டாள். நான் சிரிக்கவில்லை. சிரிக்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

அக்காவுக்கு எலும்பு மெலியும் வருத்தம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெள்ளவத்தையில் ஒரு கிளினிக்கில் ஊசி போட்டு வந்தோம். நாள் பிந்தினால் எலும்பு முன்பிருந்ததை விட மோசமாக நொறுங்கலாம் என்று அங்கே முதல் நாளே சொல்லியிருந்தார்கள். நான் பக்கத்தில் இருந்து தலையாட்டிக் கேட்டவன்தான்.

அந்த வருடம் ஊசி நாள், ஆவணியில் வரும் மடு மாதா திருநாளுக்கு முந்திய வாரம் வந்தது. கோயிலிலிருந்து போகும் இரண்டு பஸ்ஸுக்கும் நான்தான் பொறுப்பு. கூடாரத் துணி, அரிசி மூட்டை, யாருக்கு ஜன்னல் சீட் என்று தலைகால் புரியாமல் திரிந்தேன். "தம்பி, ஊசி நாள் வருது" என்றாள் அக்கா. "நோவு ஒண்டும் இல்லைத்தானே? போயிட்டு வந்து போடுவம். மாதா பாத்துக்கொள்ளுவா" என்றேன். மாதாவின் பெயரைச் சொன்னால் அவள் மறுபேச்சுப் பேசமாட்டாள் என்று தெரிந்துதான் சொன்னேன். வந்த பிறகும் இரண்டு முறை ஞாபகப்படுத்தினாள். ஒருமுறை கந்தோரில் வேலை என்றேன், ஒருமுறை மழை என்றேன். தனியாக ஆஸ்பத்திரி வாசல் மிதிக்கப் பயப்படுகிறவள். அதற்குப் பிறகு கேட்கவில்லை. கேட்காமல் விட்டது எனக்கு வசதியாகப் போய்விட்டது.

மார்கழி வந்தது. எங்கள் தெருவில் கிறிஸ்து பிறப்பான நத்தாருக்குக் கேக்கை வீட்டில் கலந்து பேக்கரி அடுப்பில்தான் சுடுவிப்போம். பேக்கரிக்குக் கொண்டுபோக அக்கா கேக் தட்டைக் குனிந்து தூக்கினாள். குனிந்தவள் நிமிரவில்லை. முள்ளந்தண்டில் மூன்று எலும்புகள் நொறுங்கியிருந்தன.

பொரளை ஆஸ்பத்திரியில் ஒரு டொக்டர் அம்மா, எப்படி நடந்தது என்று கேட்டார். "பாத்ரூமில வழுக்கி விழுந்திட்டா" என்று என் வாயிலிருந்து வந்தது. ஊசி பிந்தாமல் போட்டீர்களா என்றார். அதற்கும் ஓம் என்றேன். மருந்தைத் தீர்மானிக்கத்தான் கேட்கிறார் என்று தெரிந்தும் ஓம் என்றேன். கட்டிலில் கிடந்த அக்கா என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு டொக்டர் பக்கம் திரும்பி, "ஓம், விழுந்தனான்" என்றாள்.

அன்றிலிருந்து கோயிலில் கேட்கிறவர்களுக்கெல்லாம் அதே கதை. போகப்போகத் தரையில் கிடந்த சவர்க்காரத்தையும் அதில் சேர்த்துவிட்டேன். புதிய மருந்து தினமும் வயிற்றில் போடும் ஊசி. காலையில் பிரிட்ஜைத் திறந்து எடுத்து நான்தான் குத்துவேன். "நோகுதா?" என்பேன். "இல்லையடா" என்பாள். அந்த "இல்லையடா"வைக் கேட்டுவிட்டுக் கந்தோருக்குப் போக வெட்கமாக இருக்கும்.

போன மாதம் பொரளை ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் அக்காவை எக்ஸ்ரேக்கு உள்ளே கூட்டிப்போன நேரம், நான் டொக்டர் அம்மாவின் முன்னால் போய் நின்றேன். "டொக்டர், அவ விழேல்ல. ஊசியைப் பிந்தவிட்டது நான்தான்."

அவர் ஆச்சரியப்படவில்லை. ஆஸ்பத்திரியிலேயே இருக்கும் அக்காவின் கோப்பில் முதல் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். ஊசி நாலு மாதம் பிந்தியது என்று எழுதியிருந்தது.

"உங்கட அக்கா அண்டைக்கே சொன்னவ. நீங்க மருந்து வாங்கக் கீழ போன நேரம். அதை வச்சுத்தான் இந்த மருந்தைத் தொடங்கினது. 'தம்பிக்குத் தெரிய வேண்டாம், அவன் கூச்சப்படுவான்' எண்டு கேட்டவ."

ஒன்றரை வருடம். ஒவ்வொரு ஞாயிறும் கோயில் வாசலில் நான் சவர்க்காரக் கதை சொல்லும்போது பக்கத்தில் நின்று தலையாட்டியவள்.

அக்கா சுவரைப் பிடித்தபடி வெளியே வந்தாள். இப்போது ஒருவரின் முகத்தைப் பார்க்க அவள் கழுத்தைச் சரித்து நிமிர்த்த வேண்டும். அப்படிச் சிரமப்பட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"டொக்டர் என்ன சொன்னவ?"

சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது.

"ஒண்டும் இல்லையக்கா."

"சரி" என்று சொல்லி, விழாமல் இருக்க என் கையைப் பிடித்துக்கொண்டாள்.