காய்ச்சலில் போன அண்ணை

என் மகன் பிந்தித்தான் நடந்தான். நாலு வயதாகியும் நிலத்திலிருந்து எழும்ப, முழங்காலையும் தொடையையும் மாறி மாறிப் பிடிப்பான்.

"ஆம்பிளைப் பிள்ளையள் கொஞ்சம் சுணங்கும்," என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்டார். "தசை பலவீனப்படுற இந்த வருத்தம் தாயின்ரை பக்கத்தாலை ஆம்பிளைப் பிள்ளையளுக்கு வரலாம். தாய்வழியிலை ஆருக்கும் இப்பிடி இருந்ததோ?"

இல்லை என்றேன். நான் பிறந்த வருடம் அண்ணை காய்ச்சலில் இறந்ததாகத்தான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். இடம்பெயர்ந்து வந்த இந்த ஊரில் அவரைக் கண்டவர்களும் இல்லை.

வீட்டுக்கு வந்து டொக்டர் கேட்டதை அம்மாவிடம் சொன்னேன். முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்த கை நின்றது.

"உன்ரை அண்ணையும் உப்பிடித்தான் எழும்பினவன். பிறகு நடக்கேலாமல் போட்டுது."

"ஏனம்மா எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் உன்னை ஆர் கட்டுவினம்?"

மகனுக்கு முதற்பல் முளைத்தபோது வழக்கப்படி கொழுக்கட்டை அவித்து அவன் தலையில் கொட்டிச் சிரித்தவர் அம்மா. அவன் தடுமாறி எழும்பிய ஒவ்வொரு முறையும் அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

"தங்கச்சிக்குச் சாதகம் பாக்கிறம். இப்ப ஒருத்தரோடையும் கதைச்சுப்போடாதை," என்றார்.

அறைக்குள் இருந்த தங்கச்சியைக் கூப்பிட்டு, அம்மாவின் முன்னாலேயே எல்லாவற்றையும் சொன்னேன்.

அம்மா இப்போதும் எங்களோடுதான் இருக்கிறார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அவர் சொன்னால், நானே போய் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன்.