பந்துப்பூ தூங்கப்போன பாத்தி

ஜப்பான்காரன் வருகிறான் என்று கேள்விப்பட்டதும், மலாயாவில் ரந்தாவுக்குப் பக்கத்திலிருந்த எங்கள் ரப்பர்த் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை காரை எடுத்துக்கொண்டு சிங்கப்பூர்ப் பக்கம் போய்விட்டார். அவர் மனைவி பங்களா வாசலில் வைத்த பூச்செடிகள் மட்டும் அப்படியே நின்றன. அவற்றைப் பார்த்துக்கொண்டவர் என் வீட்டுக்காரர். எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பால்மரம் வெட்டிப் பாலெடுக்கிற வேலை நின்றுபோனதால், நானும் அவரோடு போய்ப் புல் பிடுங்குவேன்.

பங்களாவில் ஜப்பானிய அதிகாரி ஒருவர் குடியேறினார். அவர் வந்த நேரம், நடைபாதையின் இரு பக்கமும் பந்துப்பூ பூத்தது. அதன் கிழங்கு மண்ணுக்குள் கிடக்கும். வெயில் காலம் முடிந்து மழை விழுந்ததும் தண்டு மட்டும் எழும்பி, உச்சியில் செக்கச்செவேலென்று ஒரு பந்து பூக்கும். அதிகாரி பல் துலக்கிக்கொண்டே ஒவ்வொரு பூவின் முன்னாலும் குந்தி உட்காருவார்.

"பூவை இப்படிப் பாக்குற ஆளு கை நீட்ட மாட்டாரு புள்ள" என்றார் என் வீட்டுக்காரர்.

"அப்படின்னு யாரு சொன்னா உங்களுக்கு?" என்றேன்.

பூ உதிர்ந்து, இலையும் பழுத்துச் சாய்ந்தது. அதிகாரி கொஞ்ச நாள் சிரம்பானில் தங்கிவிட்டு வந்தபோது, பாத்தியில் வெறும் மண்தான் இருந்தது. என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "மாத்தி?" என்று கேட்டார். செத்துப்போச்சா என்று அர்த்தம். அவருக்கும் எங்களுக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை மலாய்தான்.

"திடோர், துவான்" என்றார் இவர். தூங்குகிறது ஐயா என்று சொன்னதோடு நிற்காமல், உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்துக் கண்ணை மூடியும் காட்டினார். செடி சாகும்போது தான் தூங்கிக்கொண்டிருந்ததாக இவர் சொல்கிறார் என்று அதிகாரி நினைத்துக்கொண்டார். மூடிய கண்ணைத் திறப்பதற்குள் இவர் கன்னத்தில் அறை விழுந்தது.

நான் பாத்திக்கு ஓடினேன். உட்கார்ந்து, விரலாலேயே மண்ணைத் தோண்டி ஒரு கிழங்கை எடுத்து நீட்டினேன். அவர் அதைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். அழுகாமல் கல் மாதிரி இருந்தது. முகம் இளகி, கிழங்கை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். பிறகு பாத்தி முழுவதையும் கையால் காட்டி, "கோசோங். தா பாய்க்" என்றார். காலியாகக் கிடப்பது நன்றாக இல்லையாம்.

தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயத்துக்குத் திரும்பி வந்து, வீங்கிய கன்னத்துக்கு ஒத்தடம் கொடுத்தபடியே யோசித்தோம். "மரவள்ளிக் குச்சிய நட்டுடுவோம்" என்றார் இவர்.

"மரவள்ளியப் பிடுங்குறப்ப பந்துப்பூக் கிழங்கும் சேந்துல்ல வரும்? அப்புறம் இன்னொரு கன்னமும் வீங்கும்."

"அப்ப நீயே சொல்லு."

"செவப்புத் தண்டுக்கீரை. மேலாகத் தூவுனாப் போதும், தோண்ட வேண்டாம். தூரத்துலேருந்து பாத்தா பூவாட்டம் தெரியும்."

விதையை மணலோடு கலந்து தூவினோம். மழை உதவியது. சீக்கிரமே நடைபாதையின் இரு ஓரமும் கருஞ்சிவப்புப் பட்டு விரித்ததுபோல ஆகிவிட்டது. அதிகாரி குந்தி உட்கார்ந்து, இது என்ன பூ என்று கேட்டார். சைகை காட்டினால் என்ன ஆகும் என்று தெரிந்துபோயிருந்ததால், இவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். நான் "சாயோர், துவான்" என்றேன், கீரை என்று. அன்று மதியமே கடைந்து கொடுத்தேன். ஒரு துளி மிச்சமில்லாமல் கிண்ணம் திரும்பி வந்தது. அதன்பிறகு அறுக்கும்போதெல்லாம் லயத்துக்கும் ஒரு கட்டு எடுத்துப்போக அனுமதி கொடுத்தார்.

அப்புறம் சயாமில் ரயில் பாதை போடும் வேலைக்கு ஆள் பிடிக்க ஆரம்பித்தார்கள். தோட்டத்துக் கங்காணி பங்களாவுக்கே வந்து, என் வீட்டுக்காரரைக் காட்டி, "இவனையும் அனுப்பிடலாம், துவான்" என்றார். நான் புல்லைப் பிடித்தபடி அசையாமல் இருந்தேன். அதிகாரி பாத்தியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலையை ஆட்டி மறுத்துவிட்டார். கங்காணி போனபின் பார்த்தால், என் கைப்பிடியில் புல்லோடு ஒரு கீரையும் வேரோடு வந்திருந்தது. இவர்தான் அதைத் திருப்பி நட்டார்.

எங்கள் லயத்திலிருந்து போன ஆண்களில் பலர் திரும்பவில்லை. அந்த வீடுகளுக்குக் கீரைக்கட்டை எடுத்துப்போவேன். வாசலில் வைத்துவிட்டு வந்துவிடுவேன்.

பின்னால் அந்த அதிகாரியை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். அடுத்து வந்தவர் வாசலை ஏறிட்டும் பார்க்காதவர். நாங்கள் அவரைக் கேட்காமலே புல்தரையைக் கொத்திப் பாத்தியை அகலமாக்கினோம், கத்தரியும் வெண்டையும் போட்டோம். சண்டை முடிந்து அரிசி வரத் தொடங்கியதும், "இனிமே கீரைய என் கண்ணுல காட்டாத புள்ள" என்றார் இவர்.

"காட்டல. கண்ண மூடிக்கிட்டுச் சாப்புடுங்க" என்று தட்டில் போட்டேன்.