டவுனோவின் முன்பல்

கிவிலம்பி அணியின் உடைமாற்றும் அறையில் ஆட்டக்காரன் ஒவ்வொருவனுக்கும் ஓர் ஆணி, ஆணிக்கு ஒரு தகரக் குவளை. பனித்தளத்தில் இறங்குமுன் பொய்ப்பல்லைக் கழற்றி அதில் போட்டுவிட்டுப் போவார்கள். டவுனோ ஹியட்டாலாவின் ஆணி மட்டும் வெறுமனே கிடந்தது. கனடாவில், வட ஒன்டாரியோவின் அந்தக் காகித ஆலை ஊரில் சொந்த முன்பற்களோடு ஐஸ் ஹாக்கி ஆடியவன் அவன் ஒருவன்தான்.

அவன் அண்ணன் வெய்க்கோவுக்கு அதில் கொள்ளைப் பெருமை. அணியின் சறுக்குக் காலணிகளுக்குச் சாணை பிடிப்பதும் கிழிந்த புருவங்களைத் தைப்பதும் அவன் வேலை. காலணியின் கத்தியை நகத்தில் உரசிப் பார்க்காமல் யாருக்கும் கொடுக்கமாட்டான். "என் தம்பி வாயைத் தொட்டவன் எவன்டா இருக்கான்?" என்பான்.

டவுனோ ஆலையில் மரப்பட்டை உரித்தான். சனிக்கிழமைகளில் எதிரணி முரடர்களை உரித்தான். ஞாயிறு வந்தால் சங்க மண்டபத்தில் ட்ரம்பெட். ஊதுவதற்கு முன்பல் வேண்டும். அதனால்தான் எந்தச் சண்டையிலும் அவன் இடக்கை வாய்க்குக் காவல் நின்றது.

அந்தக் காவலை உடைத்தவன் ஏரிக்கு அக்கரைச் சுரங்க ஊரின் ரெயால் கோத்ரோ. பந்தயத்தின் நடுவே, நடுவர் திரும்பிய நேரம் பார்த்து, மட்டையின் அடிக்கட்டையை டவுனோவின் வாயில் இறக்கினான். அடி வாங்கியபோது விழாத டவுனோ, குளிர்காற்றை மூச்சில் இழுத்ததும் முழங்காலில் விழுந்தான்.

உடைமாற்றும் அறையில் வெய்க்கோ பழக்கதோஷத்தில் பனிக்கட்டியை எடுத்து வாயில் அழுத்தினான். டவுனோ அலறிக்கொண்டு அண்ணன் நெஞ்சில் ஒரு குத்துவிட்டான். மேல்வரிசை முன்பல்லில் பாதி இல்லை. மிச்சத்தின் நடுவே குண்டூசித் தலை அளவுக்கு ஒரு சிவப்புப் புள்ளி.

வெய்க்கோ குறடு ஒன்றை எடுத்தான். "பிடுங்கிடுறேன்டா. எல்லாரும் பிடுங்கிட்டுத்தானே ஆடுறாங்க. உனக்கும் ஒரு குவளை மாட்டிடுறேன்."

"குறட்டைக் கீழ போடுண்ணே. இல்லேன்னா உன் கையை ஒடிச்சிருவேன்."

ஆட்டம் பார்க்க வந்திருந்த பல் டாக்டர் மல்விஹில் அதற்குள் உள்ளே வந்துவிட்டார். விளக்கைத் திருப்பிப் பார்த்தார்.

"பிடுங்காதீங்க. ரத்தம் நல்ல சிவப்பா வருது. பல்லுன்னா வெறும் கல்லா? உள்ள ஒரு சின்ன அறை, அதுல பூ மாதிரி சதை. வேர் நுனியில இருக்கிற ஊசி ஓட்டை வழியா ரத்தக்குழாயும் நரம்பும் அதுக்கு வருது. பல்லுக்குச் சோறு போடுறதும் அதுதான், இப்ப கத்துறதும் அதுதான். கத்துதுன்னா உசுரோட இருக்குன்னு அர்த்தம்."

"காப்பாத்துவீங்களா டாக்டர்?" என்றான் டவுனோ.

"சுண்ணாம்பு மருந்து வெச்சு உடனே மூடினா, அந்தச் சதையே தனக்கு முன்னால ஒரு சுவர் கட்டிக்கும். ஆனா இன்னொரு அடி பட்டுதுன்னா வேர்க்கிட்ட குழாய் அறுந்துரும். வீட்டுக்குப் போ."

மருந்து வைத்து, மெல்லிய உலோகத் தொப்பியைப் பல்லில் மாட்டி முடித்த சமயம், கதவை உதைத்துத் திறந்து எய்னோவைத் தூக்கிவந்தார்கள். அணியிலேயே ஒல்லியானவன். கன்னத்து எலும்பு உள்வாங்கி, ஒரு கண் வீக்கத்துக்குள் காணாமல் போயிருந்தது. வெளியே கோத்ரோவின் குரல்: "அடுத்தது யாருடா? அந்த ஊதுகுழல் அழுது முடிச்சுட்டானா?"

டவுனோ எழுந்தான்.

"டேய், உன் பல்லு..."

"தெரியும்ணே. கதவை விடு."

கோத்ரோ வாயையே குறிவைத்தான். டவுனோ இடக்கையால் மறைத்துக்கொண்டு வலக்கையால் அவன் மூக்கை உடைத்தான். பனியில் விழுந்த ரத்தம் அங்கேயே உறைந்தது. பிரித்துவிட வந்த நடுவரின் தோளுக்கு மேலாகக் கோத்ரோ தலையால் முட்டினான். நேராக வாயில்.

ஆட்டம் முடிந்தபோது டவுனோவுக்கு வலியே இல்லை. அறையில் ஒரே கூச்சல், முதுகில் அறைகள், பீர். "சொன்னேன்ல, என் தம்பிக்கு ஒண்ணும் ஆகாது!" என்று வெய்க்கோ கத்தினான்.

டாக்டர் ஒரு பனிச்சில்லைப் பல்லில் வைத்தார். "குத்துதா?"

"ஒண்ணுமே தெரியல."

எல்லோரும் கைதட்டினார்கள். டாக்டர் தட்டவில்லை. "வலி போனது நல்லதுக்கில்லப்பா. சில சமயம் அடிபட்டதுல நரம்பு மயங்கிக் கிடக்கும். சில சமயம் செத்திருக்கும். செத்தா உள்ளேயே அழுகும். பொறுத்திருந்து பார்ப்போம். முழிக்கலேன்னா நானே பிடுங்கிடுவேன்."

அதன்பின் தினமும் காலையில் டவுனோ வாசல் கூரையில் தொங்கும் பனிக்குச்சியை ஒடித்துக் கடித்தான். ஒன்றுமில்லை. ட்ரம்பெட் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. ஒரு கட்டத்தில் கடிப்பதையும் விட்டுவிட்டான். வெய்க்கோ சத்தமில்லாமல் அவன் ஆணியில் ஒரு புதுக் குவளையை மாட்டினான்.

குளிர்கால முடிவில் கோத்ரோ மறுபடி வந்தான், கோணல் மூக்கோடு. "என்னடா, பல்லு செத்துருச்சாமே? அடக்கம் என்னிக்கு?"

கையுறைகள் கழன்று விழுந்தன. இந்த முறை கோத்ரோவின் கைதான் ஓங்கியது. டவுனோவின் புருவம் பிளந்தது. கோத்ரோ அவன் சட்டையைத் தலைக்கு மேல் இழுத்துப்போட்டு விலாவில் குத்தினான். மூச்சுக்குத் தவித்த டவுனோ வாயை அகலத் திறந்து குளிர்காற்றை இழுத்தான்.

இழுத்தவன் அலறினான். வாயைப் பொத்திக்கொண்டு துள்ளினான். விலா முறிந்துவிட்டது என்று நினைத்து வெய்க்கோ தடுப்புப் பலகைமேல் பாய்ந்து ஏறினான்.

டவுனோ ரத்தம் வழிய வழியச் சிரித்தான். "அண்ணே! குத்துதுண்ணே! உசுரு போற மாதிரி குத்துது!"

கோத்ரோவின் ஓங்கிய கை அப்படியே நின்றது. "பைத்தியமாடா நீ?"

டவுனோவின் வலக்கை அவன் தாடையில் இறங்கியது. கோத்ரோ மல்லாந்து விழுந்தான். டவுனோ அவன் நெஞ்சில் ஏறி உட்கார்ந்து, ஒவ்வொரு குத்துக்கும் வாயைத் திறந்து சிரித்தான்.

பலகைமேல் நின்ற வெய்க்கோவுக்கு அழுகையா சிரிப்பா தெரியவில்லை. தொண்டை கிழியக் கத்தினான்:

"வாயை மூடிக்கிட்டு அடிடா! காத்து பட்டுறப் போவுது!"