லட்டு தீர்ந்த பிறகு வந்த பாசிட்ரான்

கோம்பையிலிருந்து கம்பம் போகும் பேருந்தில் இருந்தேன். ஜமீலாவின் தம்பி போனில் கூப்பிட்டார். "அண்ணே, அக்கா போயிட்டாக." ஜமீலாவைப் பார்க்கத்தான் போய்க்கொண்டிருந்தேன்.

அடக்கம் முடிந்து வந்ததும் தம்பி கேட்டார்: "நீங்களும் அக்காவும் வடக்க அந்த ஆராய்ச்சிக்கூடத்துல அம்புட்டு வருசம் இருந்தீக. அங்கன என்னதேன் செஞ்சாக? கேட்டா சிரிப்பாக."

அவருக்குச் சொன்னதையே, ஜமீலாவைத் தெரிந்த உங்களுக்கும் சொல்கிறேன். எலக்ட்ரானைப் போலவே எடை, ஆனால் எதிர் மின்னூட்டம் கொண்ட துகள் பாசிட்ரான். வேகமாகப் பாயும் எலக்ட்ரான்களை டங்ஸ்டன் என்ற உலோக வில்லை ஒன்றில் மோதவிட்டால் மறுபக்கம் இரண்டும் கலந்து தெறிக்கும். நடுவில் காந்தம் வைத்தால் ஒன்று இடப்பக்கம் வளையும், மற்றது வலப்பக்கம். பாசிட்ரானை மட்டும் பிரித்தெடுத்து, கற்றையாக்கி, துகள்களின் வேகத்தைக் கூட்டும் முடுக்கிக்குள் அனுப்புவது எங்கள் வேலை.

என்னைவிட எட்டு மாதம் மூத்தவர் ஜமீலா. ஆனாலும் முதல் நாளிலிருந்து எனக்கு 'அண்ணே'தான். "ஊர்க்காரரு ஒருத்தர் கெடச்சிருக்காக, வயசு பாத்தா முறை வைக்கிறது?" என்பார்.

பல மாத உழைப்புக்குப் பின் ஒரு காலையில் திரையில் கற்றை தெரிந்தது. கைதட்டல் எழுந்தது. இயக்குநர் விருந்தினர்களோடு வந்துவிட்டார். ஆளுக்கு இரண்டு லட்டு. ஜமீலா மட்டும் லட்டைத் தொடாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, பாசிட்ரான் இம்புட்டு வராது."

"வந்துருக்குல்ல? சந்தோசப்படு ஜமீலா."

"அதேன் பயமா இருக்கு."

மின்சாரத்தை நிறுத்தச் சொல்லி, காந்தத்தின் கம்பிகளைத் தானே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். இரண்டும் இடம் மாறியிருந்தன; காந்தம் துகள்களைத் தலைகீழாக வளைத்திருந்தது. இவ்வளவு நேரம் நாங்கள் கொண்டாடியது வெறும் எலக்ட்ரான்களை. இணைப்புப் படம் வரைந்தது ஜமீலாதான். அது எனக்கும் அவருக்கும் மட்டுமே தெரியும். சொல்ல வேண்டாம் என்று நான் கண் ஜாடை காட்டினேன். அவர் விருந்தினர்கள் முன்னால் நிமிர்ந்து நின்று, "இது பாசிட்ரான் இல்லை. படத்தில் தவறு செய்தது நான்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "லட்டைத் திருப்பியா கேக்க முடியும்? எலக்ட்ரானுக்குன்னு நெனச்சுக்குவாக" என்றார். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கம்பிகளை மாற்றி, வில்லையின் இடத்தைச் சரிசெய்து, பதினோரு நாள் கழித்து உண்மையான பாசிட்ரான் வந்தது. மங்கலாக, முன்னதில் பாதிகூட இல்லை. லட்டு வாங்க யாருக்கும் தோன்றவில்லை. ஜமீலா மட்டும் நாற்காலியில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டே, "கொஞ்சூண்டுதேன், ஆனா நெசம்" என்றார்.

ஓய்வுக்குப் பிறகு நாங்கள் காமயகவுண்டன்பட்டி போயிருந்தபோது, ஒரு திராட்சைத் தோட்டக்காரர் இந்த ஆராய்ச்சியைப் பற்றி அவரைக் கேட்டார்: "இதுனால எங்க கொடிக்கு என்ன பிரயோசனம் ஆத்தா?"

"ஒண்ணுமில்ல மாமா. உலகம் எதுல செஞ்சதுன்னு தெரிஞ்சுக்கத்தேன்."

அவர் யோசித்துவிட்டு, "அதுவும் வேணும்ல" என்று ஒரு குலையைப் பறித்து நீட்டினார். அதைவிடப் பெரிய விருது தனக்குக் கிடைத்ததில்லை என்று பேருந்து ஏறும் வரை சொல்லிக்கொண்டே வந்தார் ஜமீலா.

கதிரியக்கம் ஏறிய அந்த வில்லையை யாரும் நினைவுக்கென்று வைத்துக்கொள்ள முடியாது. அவரிடமிருந்து எனக்கு வாய்த்தது வேறு. போன வாரம் எங்கள் ஊர் விவசாயிகள் கூட்டத்தில், சொட்டுநீர்க் குழாய்க்கு நான் சொன்ன வழியை எல்லோரும் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். எழுந்து நின்று, "அது தப்பு, நாந்தேன் தப்பாச் சொன்னேன்" என்றேன்.