ஐந்தாம் இதழின் வலைக் கவிதை

சிறுபத்திரிகைகளைத் தேடிச் சேர்ப்பது எனக்கு முப்பது வருடப் பழக்கம். பொன்னேரியில் ஆசிரியராக இருந்தபோது தொடங்கியது. ஒரு பழைய இதழின் வாசகர் கடிதத்தில், பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கத்து மீனவக் குப்பத்திலிருந்து கையால் சுற்றும் சைக்ளோஸ்டைலில் அச்சாகி வந்த கவிதை இதழைப் பற்றி இரண்டு வரி இருந்தது. எந்த நூலகத்திலும் பிரதி இல்லை. நடத்திய கவிஞர் இறந்துவிட்டார், மனைவி இருக்கிறார் என்று தெரிந்ததும் ஒரு காலையில் படகேறினேன்.

படகோட்டி எழுபதை நெருங்கியவர். அதே குப்பத்துக்காரர். கவிஞரின் வீடு வரை கூடவே வந்தார். அந்த அம்மா அவரைப் பெயர் சொல்லி, "வாண்ணே" என்றார். கணவரின் சேக்காளியாம். அவர் வாசற்படியில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார்.

அம்மா ஒரு தகரப் பெட்டியைக் காலால் என் பக்கம் தள்ளினார். உள்ளே ஆறு இதழ்கள். பழவேற்காட்டில் இருக்கும் பழைய டச்சுக்காரர் கல்லறை வாசலில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூட்டை ஒவ்வொரு அட்டையிலும் வரைந்திருந்தார் கவிஞர்.

"செய்வினை புக்கோன்னு பயந்து நான் தொட்டதே இல்ல சார். யாராண்டயும் காட்டாதன்னு சொல்லிட்டுப் பூட்டாரு. எனக்குப் படிக்கத் தெரியாது. இன்னா எழுதிக்கீறாருன்னு படிச்சிக் காட்டிட்டு எடுத்துனு போங்க."

படித்தேன். ஒரு பக்கத்தில் வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுகளின் பெயர்கள் மட்டும் வட்டமாகச் சுழன்றன. அம்மா முதல்முறையாகச் சிரித்தார். "இதுக்கா பயந்தேன்?"

ஐந்தாம் இதழின் நடுவில், எழுத்துகளை வலைக்கண்கள் போலக் கட்டம் கட்டி அடுக்கியிருந்தார். இடமிருந்து வலமாகப் படித்தால் பொருளில்லை. மேலிருந்து கீழே மனதுக்குள் படித்தேன். பக்கத்துக் குப்பத்து வலைக் கொட்டகைக்கு நெருப்பு வைத்ததும், உள்ளே தூங்கியவன் வெளியே வராததும் இருந்தன. அடியில், கொளுத்தியவர்கள் என்று மூன்று பெயர்கள். மூன்றாவது, சற்றுமுன் இந்த வீட்டில் நான் கேட்ட பெயர்.

பக்கத்தைப் புரட்டினேன்.

"நடுவுல ஒண்ணு வுட்டுட்டீங்களே?" என்றார் அம்மா.

"எழுத்து அழிஞ்சி போயிருக்கும்மா."

வாசலிலிருந்து பீடிப் புகை வருவது நின்றது. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பெட்டியோடு திரும்ப அவர் படகில்தான் ஏற வேண்டியிருந்தது. வேறு படகு இல்லை. எனக்கு நீச்சலும் தெரியாது. நடு ஏரியில் அவர் இஞ்சினை நிறுத்தினார். கரை இரண்டு பக்கமும் கோடாகத் தெரிந்தது.

"அழிஞ்ச பக்கத்துல இன்னா சார் இருந்துச்சி?"

பெட்டியை மடியில் இறுக்கிக்கொண்டேன். பொய் சொல்ல நினைத்தும் வாய் உண்மையைச் சொல்லிவிட்டது. "உங்க பேரு இருக்குது. மூணு பேரு பேரு இருக்குது."

"மூணா?" அவர் கோபப்படவில்லை. "நாலு பேரு போனோமே. நல்லா பாருங்க."

பெட்டியைத் திறந்து அந்த இதழைப் பிரித்தேன். குறுக்காக, ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் படித்தபோது நான்காவது கிடைத்தது. அட்டையில் ஆசிரியர் என்று போட்டிருந்த அதே பெயர்.

"எழுதப் போறேன்னு சொன்னான். வாணான்னேன். கேக்கல," என்றார் அவர். தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். "உள்ள ஆள் இருக்கிறது எங்களுக்குத் தெரியாது சார். அவளாண்ட மட்டும் சொல்லிடாதீங்க. புருசன் நல்லவன்னு நம்பினுகீறா."

இஞ்சின் மறுபடி ஓடியது. கரையில் இறங்கியபோது என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

மற்ற ஐந்து இதழ்களை முறையாகப் பட்டியலிட்டேன். ஐந்தாம் இதழுக்கு நேராக 'கிடைக்கவில்லை' என்று எழுதினேன். என் பட்டியலில் நான் எழுதிய ஒரே பொய் அது. அந்த இதழ் என் பீரோவில் துணிகளுக்கு அடியில் இருக்கிறது. எனக்குப் பின் யார் கையில் அகப்படுமோ என்று நினைக்காத நாளில்லை.

அந்த அம்மா அவ்வப்போது போன் செய்கிறார். போன மாதமும் செய்தார்.

"அழிஞ்ச எழுத்தெல்லாம் மெஷின்ல வச்சா தெரியுமாமே சார்?"

"பாத்துட்டேம்மா. தெரியல," என்றேன். அவர் போனை வைத்துவிட்டார்.