குடும்பத்தோடு வரச் சொன்னார்கள்

நம்ம மலைச்சாமி மாதப்பனை நம்பி மலையேறும் என் சொந்தங்களே, நான் மேடையில் பேசிப் பழகாதவன். டைல்ஸ் ஒட்டுகிற வேலை. ஹனூர்ப் பக்கம் பிறந்து மைசூருக்குப் பிழைக்க வந்தவன். நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

என் மகள் பூங்கொடிக்கு எட்டு வயது. அவளுக்கு ஆஸ்துமா. இழுப்பு வந்துவிட்டால் கழுத்துக் குழி உள்ளே போகும், தோள் இரண்டும் மேலே ஏறும், பேச வராமல் கையால் நெஞ்சைக் காட்டுவாள். மண்டி மொஹல்லாவில் ஒரு மாடி அறையில் நாங்கள் இருவர் மட்டும். என் மனைவி குவைத்தில் ஒரு வீட்டில் தங்கி அவர்களுடைய குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறாள். வீடியோ காலில் இவள் மூச்சு வாங்குவதைப் பார்த்தால் அங்கே அழுவாள். அதனால் இழுப்பு வந்த நாட்களில் நான் போனையே எடுப்பதில்லை. பயத்தை யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல யார் இருந்தார்கள்?

வேலையிலும் மனசு வீட்டில்தான் இருக்கும். விளக்கேற்றும்போதெல்லாம் ஒன்றே ஒன்றுதான் கேட்பேன்: "மாதப்பா, அவளுக்கு மூச்சு முட்டறப்ப நான் பக்கத்துல இருக்கோணும். என்னைத் தூரமா வெச்சுராத."

ஆஸ்பத்திரியில் சனிக்கிழமைகளில் ஆஸ்துமா பிள்ளைகளின் வீட்டாருக்கு வகுப்பு நடத்துகிறார்கள். டாக்டர் சொன்னதால் போனேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் அம்மா, அத்தை, மாமா என்று ஒரு கூட்டமே வந்திருந்தது. எங்கள் பெஞ்சில் நானும் பூங்கொடியும் சாப்பாட்டுப் பையும்தான். வாயில் வைத்து மருந்தை மூச்சோடு இழுக்கிற பம்ப் இரண்டு உண்டு, நீல நிறத்தது இழுப்பு வரும்போது கொடுப்பது, இன்னொன்று நன்றாக இருக்கிற நாளிலும் தவறாமல் கொடுப்பது என்று நர்ஸம்மா விளக்கினார். வேலைச் சட்டையோடு பிள்ளையைத் தூக்கக் கூடாது, அந்தத் தூசியே இழுப்பைக் கொண்டுவரும் என்றார். பிறகு என்னைப் பார்த்து நல்ல தமிழில் கேட்டார்.

"உங்க வீட்ல பம்ப் கொடுக்கத் தெரிஞ்சவங்க வேற யாரு?"

"வேற ஆளே இல்லீங்க. நானிருக்கறனுங்க."

"நீங்க வேலைக்குப் போயிட்டா?"

"போன் வந்தா ஓடியாந்துருவனுங்க."

"அதுவரைக்கும் மூச்சு காத்துட்டு இருக்குமாண்ணா? அடுத்த வாரம் குடும்பத்தோட வாங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. குடும்பம் என்ன, கடையிலா விற்கிறது? அன்று சாயங்காலம் சாமி படத்துக்கு முன்னால் நின்று சண்டையே போட்டேன். "குடும்பத்தோட வரச் சொல்றாங்க. எனக்குன்னு இருக்கறது நீ ஒருத்தன்தான். நீ வந்து பெஞ்சுல உக்காருவியா? இல்ல, ஒரு ஆளையாச்சும் அனுப்பு." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. பூங்கொடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த சனிக்கிழமை நாங்கள் படி இறங்கினால், கீழே கௌரம்மா குடையோடு நிற்கிறார். அவர்தான் வீட்டு ஓனர். கன்னடக்காரர். தண்ணீர் மோட்டார் விஷயத்தில் அவருக்கும் எனக்கும் தகராறாகி, மாதக்கணக்கில் பேச்சே இல்லை.

"ஏனப்பா, பஸ் போய்டும். பேக பா, பேக பா" என்று அவசரப்படுத்தினார்.

நான் திருதிருவென்று முழித்தேன். பூங்கொடி என் கையை இழுத்தாள். "குடும்பத்தோட வரச் சொன்னத ஆன்ட்டிகிட்ட நானே ஹேளிட்டேன்ப்பா. நீங்க எப்படியும் கேக்க மாட்டீங்கல்ல?"

வகுப்பில் கௌரம்மா முதல் வரிசையில் உட்கார்ந்தார். பம்ப் பழகிவிட்டால் விடவே முடியாதாமே என்று கேட்டார். அதெல்லாம் வீண் பயம் என்று நர்ஸம்மா புரிய வைத்தார். பம்பைக் குலுக்கி, ஸ்பேசர் குழாயில் பொருத்தி, ஒரு முறை அழுத்தி, பிள்ளை நிதானமாக இழுக்கும்வரை காத்திருக்க வேண்டும். கௌரம்மா அதைத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார். "இவனிகிந்த நான் சென்னாகி மாடறேன்" என்று, இவனைவிட நான் நன்றாகச் செய்கிறேன் என என்னைக் காட்டிச் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள்.

தசரா லீவு வந்தது. பூங்கொடியை கௌரம்மாவிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போனேன். டைல்ஸ் அறுக்கிற மெஷின் சத்தத்தில் போன் அடித்தது கேட்கவே இல்லை. எடுத்துப் பார்த்தால் கௌரம்மாவின் மிஸ்டு கால் வரிசையாக இருந்தது. திருப்பிக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. ஆட்டோ பிடித்தேன். தசராக் கூட்டத்தில் ரோடு நகரவே இல்லை. பாதியில் இறங்கி ஓடினேன். "ஒண்ணே ஒண்ணுதானே கேட்டேன் மாதப்பா, அதையும் தரலியே" என்று வாய்விட்டுத் திட்டிக்கொண்டே ஓடினேன்.

பூங்கொடி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் வாடியிருந்தது, ஆனால் மூச்சு சீராக இருந்தது. ஆயுத பூஜைக்காகப் பக்கத்துக் கடையை ஒட்டடை அடித்த தூசியில் இழுப்பு வந்திருக்கிறது. கௌரம்மா பதறாமல் உட்கார வைத்து, சொல்லிக்கொடுத்தபடியே பம்ப் கொடுத்து, ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோவையும் வாசலில் நிறுத்தி வைத்திருந்தார். நான் அழுதுகொண்டே பிள்ளையைத் தூக்கப் போனேன்.

"கிட்ட வராதே! மொதல்ல அந்த தூளு சட்டெ கழட்டு!" என்று கத்தினார். வாசலிலேயே கழற்றிப் போட்டுவிட்டு, பனியனோடு அப்படியே அந்த அம்மாவின் காலில் விழுந்தேன்.

ஆஸ்பத்திரிக்கு மூவருமாகப் போனோம். சரியான நேரத்தில் சரியாகக் கொடுத்திருக்கிறீர்கள் என்று டாக்டர் சொன்னார். அன்று மனைவி கூப்பிட்டபோது போனை எடுத்தேன். எதையும் மறைக்கவில்லை. "அய்யோ, கூட யாருங்க இருந்தா?" என்றாள். "நம்ம கௌரம்மா" என்றேன். "அவங்ககிட்டக் குடுங்க" என்றாள். அவளுக்குக் கன்னடம் வராது, இவருக்குத் தமிழ் அரைகுறை. ரெண்டு பேரும் ரொம்ப நேரம் பேசினார்கள்.

பக்கத்தில் நான் இருக்க வேண்டும் என்று கேட்டேன். நான் இல்லாத நேரத்திலும் பிள்ளை பிழைக்க வழி செய்தான் மாதப்பன். கேட்டதைவிடப் பெரிதாகக் கொடுத்துவிட்டான். இப்போது பூங்கொடியின் டீச்சருக்கும் பம்ப் கொடுக்கத் தெரியும், முனைக் கடைக்காரருக்கும் தெரியும். நானே போய்ச் சொல்லிக் கொடுத்தேன்.

சொந்தங்களே, இந்த ஊரில் தனியாக ஒரு பிள்ளையின் மூச்சைக் காத்துக்கொண்டிருப்பவர்கள் உங்களில் இருப்பீர்கள். மனம் விட்டு மாதப்பனிடம் கேளுங்கள், சண்டை போட்டாவது கேளுங்கள். மருந்தை மட்டும் நிறுத்தாதீர்கள். சனிக்கிழமை வகுப்புக்குக் குடும்பத்தோடு வரச் சொல்லி, கூட்டிப்போக ஆள் இல்லையென்றால் என்னிடம் சொல்லுங்கள். உங்கள் குடும்பமாக நான் வந்து பெஞ்சில் உட்காருகிறேன்.