செல்வி நம்பாத உண்மை

பேராசிரியர் பத்மஜா இறந்துவிட்டார் என்ற செய்தி துறையின் வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது, மைசூரில் எங்கள் கல்லூரியின் உளவியல் ஆய்வகத்தில் விடைத்தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். வரிசையாகக் கைகூப்பும் படங்கள் விழுந்தன. "கனிவானவர்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அவரோடு பதினாறு ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். அவரிடம் படித்த உங்களுக்கும் அந்தச் சொல் உறுத்தியிருக்கும்.

சோதனை வகைகளை அவர் விளக்கும் விதம் நினைவிருக்கிறதா? "ஆய்வகச் சோதனையில காரணத்த நாம வைக்கிறோம். களச் சோதனையில அதையே தெருவுல கொண்டுபோய் வைக்கிறோம். இயற்கைச் சோதனையில வாழ்க்கையே வச்சிடும், நாம குறிச்சுக்கிட்டாப் போதும்." மாணவர்கள் சிரிப்பார்கள். அவர் சிரிக்க மாட்டார்.

தோல்வியைப் பற்றி அவர் வடிவமைத்தது ஆய்வகச் சோதனை. மாணவர்களுக்கு ஓர் அறிவுத் தேர்வு வைப்போம். சீட்டுக் குலுக்கிப் பாதிப் பேரைப் பிரித்து, உண்மை மதிப்பெண் எதுவானாலும், ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக "நீங்கதான் கடைசி" என்போம். பிறகு புதிர்களைக் கொடுத்து, எவ்வளவு நேரம் விடாமல் முயல்கிறார்கள் என்று அளப்போம். ஒரு வாரம் கழித்து இரண்டாம் சுற்று. அது முடிந்ததும் உண்மையைச் சொல்லிவிடுவோம். முடிவை வாசிப்பது என் வேலை. "உங்க குரல யாரும் சந்தேகப்பட மாட்டாங்க," என்றார் பத்மஜா.

செல்வி ராமாபுரம் கிராமத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்தவள். அவள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள். தேர்வில் உண்மையில் அவள்தான் முதலிடம். கடைசி என்று வாசித்தேன். அவள் புதிரைத் தொடவே இல்லை, எழுந்து போய்விட்டாள்.

"மேடம், இப்பவே கூப்பிட்டுச் சொல்லிடலாம்," என்றேன்.

"பேடா," என்று கன்னடத்தில் தடுத்தார். "வேண்டாம். ரெண்டாவது சுத்து கெட்டுப்போகும். ஒரு வாரம்தானே."

அந்த வாரத்துக்குள் அவள் பெட்டியோடு ஊருக்குப் போய்விட்டாள். போனை எடுக்கவில்லை. நான் நச்சரித்ததால், ஆய்வெல்லாம் முடிந்து மூன்று மாதம் கழித்து இருவரும் ராமாபுரம் போனோம். மஞ்சள் வேகவைக்கும் இடத்தில் கூலி வேலையில் இருந்தாள். பத்மஜா நடந்ததைச் சொல்லி, அவளுடைய விடைத்தாளையே நீட்டினார்.

செல்வி அதைக் கையில் வாங்கவில்லை. "நான் மக்குன்னு எனக்குத் தெரியுமுங்க மேடம். ஆறுதல் சொல்ல இவ்வளவு தூரம் வந்தீங்களே, அதுவே போதுமுங்க," என்றாள். டீ வாங்கிக் கொடுத்து எங்களை அனுப்பிவைத்தாள்.

திரும்பும் பேருந்தில் பத்மஜா குறிப்பேட்டைத் திறந்தார். "இப்பக்கூடவா?" என்றேன்.

"பொய்ய ஒரே நொடியில நம்பினா. உண்மைய, தாளைக் காட்டியும் நம்பல. இதுதானே கண்டுபிடிப்பு." பக்கம் நிறையும்வரை எழுதினார்.

அடுத்த ஆண்டு அதையே புதிய சோதனையாக்கினார். இம்முறையும் பொய் முடிவை வாசிக்க என்னைத்தான் கூப்பிட்டார். "சரி, மேடம்," என்றேன்.

இரங்கல் கூட்டத்தில், அவரிடம் கற்றது என்ன என்று கேட்டார்கள். கறாரான உழைப்பு என்று சொல்லிவைத்தேன். உண்மையில் என்னிடம் தங்கியிருப்பது அந்தச் "சரி, மேடம்"தான். யார் எதை வாசிக்கச் சொல்லித் தாளை நீட்டினாலும் என் வாயில் முதலில் வருவது அதுதான்.